நீளமும் அகலமும் தெரியாத தோட்டம்: நான்காவது மூலைக்கு எத்தனை அடி?

நீங்கள் எழுதிக் கேட்ட கேள்வியை முதலில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நீலகிரியின் கேத்தி பாலாடாவில் ஒரு செவ்வகக் கேரட் தோட்டம். உள்ளே ஓரிடத்தில் தண்ணீர்க் குழாய். குழாயிலிருந்து மேல் இடது மூலைக்கு 100 அடி, மேல் வலது மூலைக்கு 60 அடி, கீழ் வலது மூலைக்கு 150 அடி. கீழ் இடது மூலையை எட்ட எத்தனை அடி ஹோஸ் வேண்டும்? ஒன்பதாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகளுக்கு டியூஷனில் கொடுத்த கணக்கு இது. நீளம், அகலம் தராமல் இதைப் போடவே முடியாது என்று அவளுடைய அண்ணன் அடித்துச் சொல்கிறான். தெரியாதவை நான்கு, சமன்பாடுகள் மூன்று, அதனால் விடை கிடையாது என்பது அவன் வாதம்.

விடை இருக்கிறது: 170 அடி. ஆனால் அந்தப் பையன் சொல்வதிலும் பாதி சரி. அந்தப் பாதி எது என்று புரிந்துகொள்வதுதான் இந்தக் கணக்கின் முழுச் சுவையும் என்பது என் எண்ணம். அதனால் விடையைப் போட்டுக் காட்டிவிட்டு அவன் வாதத்துக்குத்தான் அதிக நேரம் தரப்போகிறேன்.

ஒரு தாளில் செவ்வகம் வரைந்து, உள்ளே நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் குழாய். அதிலிருந்து நான்கு வேலிகளுக்கும் செங்குத்தாக நான்கு கோடுகள் இழுங்கள். மேல் வேலிக்கு உள்ள தூரம் மே, கீழ் வேலிக்கு கீ, இடது வேலிக்கு இ, வலது வேலிக்கு வ. இப்போது தோட்டம் நான்கு சிறு செவ்வகங்களாகப் பிரிந்துவிட்டது. குழாயிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் போகும் ஹோஸ் அந்தந்தச் சிறு செவ்வகத்தின் மூலைவிட்டம். மூலைவிட்டம் என்றால் அங்கே ஒரு செங்கோண முக்கோணம் இருக்கிறது, பிதாகரஸ் தேற்றம் வந்துவிடும்:

மே² + இ² = 100² = 10000
மே² + வ² = 60² = 3600
கீ² + வ² = 150² = 22500
கீ² + இ² = ?

முதல் வரியையும் மூன்றாவது வரியையும் கூட்டுங்கள். இடப்பக்கம் மே², இ², கீ², வ² நான்கும் ஒரு தடவை வரும், வலப்பக்கம் 32500. இரண்டாவதையும் நான்காவதையும் கூட்டினாலும் இடப்பக்கம் அதே நான்கு வர்க்கங்கள்தான். ஆகவே அந்தக் கூட்டுத்தொகையும் 32500 ஆகத்தான் இருக்க வேண்டும். அதில் 3600 போனால் மீதி 28900. அதன் வர்க்கமூலம் 170. அவ்வளவுதான்.

எதிரெதிர் மூலைகளின் தூர வர்க்கங்களைக் கூட்டினால் இரண்டு சோடிக்கும் ஒரே எண் வரும் என்பதுதான் இங்கே வேலை செய்யும் விதி. செவ்வகத்துக்குள் நாம் இழுத்த கோடுகளின் தோற்றத்தை வைத்து இதை பிரிட்டிஷ் கொடித் தேற்றம் என்பார்கள். பெயரை மறந்தாலும் பரவாயில்லை, ‘எதிரெதிர்’ என்பதை மறக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்து மூலைகளைச் சோடி சேர்த்து, 60² + 150² − 100² என்று போட்டால் 16100 வரும், வர்க்கமூலம் 127 அடிக்குக் கிட்டத்தட்ட. பார்க்க நியாயமான எண்ணாக இருக்கும், ஆனால் தப்பு. இன்னும் சிலர் வர்க்கத்தையே விட்டுவிட்டு 100 + 150 − 60 = 190 என்று எழுதுவார்கள். வர்க்கங்களுக்கு இருக்கும் அந்தச் சமநிலை வெறும் தூரங்களுக்குக் கிடையாது.

சரி, இப்போது அண்ணனின் வாதம். மூன்று சமன்பாடுகளை வைத்து நான்கு தெரியாதவற்றைக் கண்டுபிடிக்க முடியாது என்கிறான். முடியாதுதான். மே எவ்வளவு, கீ எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டால் எவராலும் சொல்ல முடியாது. ஆனால் கணக்கு அதைக் கேட்கவில்லையே. கீ² + இ² என்ற ஒரே ஒரு கூட்டுத்தொகையைத்தான் கேட்கிறது. கடையில் ஒரு கிலோ கேரட்டும் ஒரு கிலோ உருளையும் சேர்ந்து 100 ரூபாய், கேரட்டும் பீட்ரூட்டும் 60 ரூபாய், முட்டைக்கோஸும் பீட்ரூட்டும் 70 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸும் உருளையும் சேர்ந்து எவ்வளவு? 100 − 60 + 70, அதாவது 110 ரூபாய். கேரட் 40 ரூபாய் விற்றாலும் 45 ரூபாய் விற்றாலும் இந்த 110 மாறாது. தனி விலை ஒன்றுகூடத் தெரியாமலே இந்த ஒரு கூட்டுத்தொகை நிச்சயமாகத் தெரிந்துவிடுகிறது. நம் தோட்டக் கணக்கிலும் இதே அமைப்புதான்: முதல் வரி, கழித்தல் இரண்டாவது வரி, கூட்டல் மூன்றாவது வரி. மே²-உம் வ²-உம் தாமாகவே அடிபட்டுப் போகின்றன.

சமன்பாடுகளின் எண்ணிக்கையைப் பார்த்து ‘முடியும், முடியாது’ என்று முடிவெடுக்கும் பழக்கம் நல்ல மாணவர்களிடமே அதிகம் இருக்கிறது. அந்த விதி எல்லாத் தெரியாதவற்றையும் கண்டுபிடிப்பதற்கான விதி. கேட்டது ஒரு சேர்க்கை மட்டும் என்றால், கையில் உள்ள வரிகளைக் கூட்டியும் கழித்தும் அந்தச் சேர்க்கையைக் கொண்டுவர முடியுமா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் விடை உண்டு. இதைப் பள்ளிப் பாடத்தில் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பள்ளியில் எப்போதும் இரண்டு தெரியாதவைக்கு இரண்டு சமன்பாடு தந்தே பழக்குகிறோம்.

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அவனையே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். மே என்பதற்கு 0 முதல் 60 வரை அவன் இஷ்டத்துக்கு ஓர் எண் எடுத்துக்கொள்ளட்டும். 36 என்று எடுத்தான் என்றால் வ² = 3600 − 1296 = 2304, வ = 48. இ² = 10000 − 1296 = 8704. கீ² = 22500 − 2304 = 20196. இப்போது கீ² + இ² = 20196 + 8704 = 28900. வேறு எண் எடுத்தால் நடுவில் உள்ள எண்கள் எல்லாம் மாறும், கடைசி 28900 மட்டும் அசையாது. இரண்டு மூன்று எண்களைப் போட்டுப் பார்த்தாலே அவனுக்குப் புரிந்துவிடும்.

அவன் பக்கம் நியாயம் இருக்கும் பாதி இங்கேதான் வருகிறது. ‘தோட்டம் எத்தனை சென்ட்?’ என்று டியூஷனில் கேட்டிருந்தால் அவன் சொன்னது முழுக்கச் சரியாகியிருக்கும். குழாய் வலது வேலியை ஒட்டியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வ = 0, மே = 60, கீ = 150, இ = 80. தோட்டம் 80 அடிக்கு 210 அடி, 16800 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்றால் இது ஏறக்குறைய 38½ சென்ட். குழாய் மேல் வேலியை ஒட்டி இருந்தால் மே = 0, இ = 100, வ = 60, கீ ஏறத்தாழ 137½. அப்போது சுமார் 22000 சதுர அடி, ஐம்பதரை சென்ட். இரண்டிலும் நான்கு ஹோஸ்களும் அச்சாக அதே நீளம்தான்: 100, 60, 150, 170. மேலே 36 என்று எடுத்தோமே, அந்தத் தோட்டம் 57.8 சென்ட் வரும். ஹோஸ் நீளத்தை மட்டும் பார்த்து யாராவது நிலத்துக்கு விலை பேசினால் நம்பிவிடாதீர்கள்.

அதிகபட்சம் எவ்வளவு போகும் என்பதற்கு அழகான ஒரு விடை உண்டு. இது ஒன்பதாம் வகுப்புக்குக் கொஞ்சம் மேலே, அண்ணனுக்குப் பிடிக்கும். குழாயையும் கீழ் வேலியின் இரண்டு மூலைகளையும் சேர்த்தால் ஒரு முக்கோணம் வருகிறது அல்லவா? அதை அப்படியே வெட்டி எடுத்து, திருப்பாமல் மேலே நகர்த்தி, கீழ் வேலி மேல் வேலியின்மேல் பொருந்தும்படி வையுங்கள். மேல் வேலிக்கு உட்புறம் ஒரு முக்கோணம், வெளிப்புறம் ஒரு முக்கோணம் என்று இரண்டும் ஒட்டி ஒரு நாற்கரம் ஆகிவிடும். அதன் நான்கு பக்கங்களும் நம் நான்கு ஹோஸ்கள். ஒரு மூலைவிட்டம் மேல் வேலியின் நீளம், இன்னொன்று தோட்டத்தின் மேல் கீழ் நீளம். இரண்டும் செங்குத்தாக வெட்டிக்கொள்கின்றன. எந்த நாற்கரத்திலும் மூலைவிட்டங்களின் பெருக்கம், எதிர்ப் பக்கங்களைப் பெருக்கிக் கூட்டிய தொகையைத் தாண்டாது. நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின்மேல் வரிசையாக அமையும்போதுதான் இரண்டும் சமம். டாலமி தேற்றம் சொல்வது இதைத்தான். இங்கே அந்தத் தொகை 100 × 150 + 60 × 170 = 25200. மூலைவிட்டங்களின் பெருக்கம் என்பது தோட்டத்தின் பரப்பேதான். ஆகத் தோட்டம் எந்த வடிவில் இருந்தாலும் 25200 சதுர அடிக்கு, அதாவது சுமார் 58 சென்ட்டுக்கு மேல் போக முடியாது. மே 33 அடிக்குச் சற்று அதிகமாக இருக்கும்போது அந்த உச்சம் வருகிறது.

குறுக்கு வழி ஒன்றும் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். குழாயை வலது வேலிக்கே தள்ளிவிட்டால் எல்லாம் முழு எண்களாகி, 60, 80, 100 ஒரு செங்கோண முக்கோணம், 80, 150, 170 இன்னொன்று என்று மனக்கணக்கிலேயே விடை வந்துவிடும். தேர்வில் நேரம் இல்லாதபோது நானும் இப்படிப் போடத்தான் சொல்வேன். ஆனால் இது ‘விடை தோட்டத்தின் வடிவத்தைப் பொறுத்தது இல்லை’ என்ற நம்பிக்கையின்மேல் நிற்கும் வழி. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் மேலே செய்த கூட்டல்தான். பரப்பளவுக் கேள்விக்கு இதே குறுக்கு வழியைப் போட்டால் 38½ சென்ட் என்று தைரியமாக எழுதிவிட்டு வருவோம், அது தவறு. அதனால் உங்கள் மகள் முதலில் இயற்கணித வழியை ஒரு தடவை முழுதாக எழுதட்டும்.

அப்புறம், நீங்கள் கடைசியில் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: ‘நம் ஊரில் நிலம் எல்லாம் சரிவுதானே, புத்தகத்தில் உள்ள தேற்றம் இங்கே செல்லுமா?’ நீலகிரியில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் விட்டால்தான் தப்பு.

தோட்டம் ஒரே சீராகச் சரிந்து, சரிவின்மேல் அளந்து பார்க்கும்போது நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தால், தேற்றம் ஒரு மயிரிழைகூட மாறாமல் செல்லும். தாளை மேஜைமேல் வைத்தாலும் சாய்த்துப் பிடித்தாலும் அதில் வரைந்த செவ்வகம் செவ்வகம்தானே. ஊட்டி முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-இல் இயங்கத் தொடங்கியது. வடக்கு தெற்காகச் சுமார் 11 டிகிரி சரியும் இயற்கையான மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேல் கட்டினார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய அதே 11 டிகிரி என்பதால் கருவியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ரேடியோ அலைகளை அனுப்பியபடி வானத்தில் நகரும் ஒரு மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நடந்த அந்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தச் சாய்ந்த நீள்செவ்வகத்தின் எந்த இடத்தில் நின்று நான்கு மூலைக்கும் நூல் பிடித்தாலும் நம் விதி பொருந்தும்.

குழாய் தரையில் இல்லாமல் ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்தால்? அப்போதும் பொருந்தும். கம்ப உச்சியிலிருந்து தோட்டத்தின் தளத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு இறக்கினால், அதன் நீளத்தின் வர்க்கம் நான்கு மூலைத் தூர வர்க்கங்களிலும் சமமாகக் கூடிவிடும். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு தடவை கூடுவதால் சமநிலை கெடாது. சரிவு நிலத்தில் நேராக நட்ட கம்பம் தரைக்குச் செங்குத்தாக இருக்காதே என்று தோன்றலாம். கம்பம் எப்படி நின்றாலும் கவலையில்லை. உச்சி என்பது வெளியில் ஒரு புள்ளி. எந்தப் புள்ளியிலிருந்தும் தளத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு உண்டு.

சிக்கல் வரும் இடம் வேறு. நில அளவையில் எடுப்பது கிடைமட்டத் தூரம். வரைபடத்தில் செவ்வகமாக இருக்கும் நிலம், சரிவு ஏதாவது ஒரு வேலியை ஒட்டி நேராக இறங்கினால் தரையிலும் செவ்வகமாகவே இருக்கும். சரிவு கோணல்மாணலாக, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை நோக்கி இறங்கினால் தரையில் அது இணைகரம். அப்போது எதிரெதிர் மூலை வர்க்கக் கூட்டுத்தொகைகள் இரண்டும் சமமாக இருக்காது. அவற்றின் வித்தியாசம், இரண்டு மூலைவிட்டங்களின் வர்க்க வித்தியாசத்தில் பாதி. செவ்வகத்தில் மூலைவிட்டங்கள் சமம் என்பதால்தான் அந்த வித்தியாசம் பூஜ்யமாகிறது. இதைச் சரிவின் மொழியில் சொன்னால் இன்னும் எளிது: மேலிருந்து கீழே உள்ள இறக்கத்தையும் இடமிருந்து வலம் உள்ள இறக்கத்தையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கினால் அதுதான் வித்தியாசம். நம் தோட்டம் மேல் கீழாக 30 அடியும், இடமிருந்து வலமாக 5 அடியும் இறங்குகிறது என்றால் 2 × 30 × 5 = 300. நான்காவது மூலையின் வர்க்கம் 28900-க்குப் பதிலாக 28600 ஆகும், தூரம் 169.1 அடி. குறுக்குச் சரிவு எதிர்ப்பக்கமாக இருந்தால் 29200, அதாவது 170.9 அடி. இரண்டிலும் ஒரு அடிகூட மாறவில்லை. ஹோஸ் வாங்கப் போகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

படிப்படியாக வெட்டிய அடுக்கு நிலம் என்றால் கதையே வேறு. அங்கே ஹோஸ் ஒவ்வொரு படியிலும் மடங்கி இறங்கும், அந்த நீளம் நேர்க்கோட்டுத் தூரம் ஆகாது. அப்படிப்பட்ட இடத்தில் கணக்கை நம்பாமல் கயிறு பிடித்து அளப்பதே மேல்.

மகளுக்கு இதே மாதிரிப் புதுக் கணக்குகள் வேண்டும் என்றால் நீங்களே செய்துகொடுக்கலாம். இரண்டு விதமாக இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதக்கூடிய எண் ஒன்று போதும்; ஒரு விதம் ஒரு சோடி எதிர்மூலைகளுக்கு, இன்னொரு விதம் மற்றச் சோடிக்கு. 65 என்பது 1 + 64, அதுவே 16 + 49. 85 என்பது 4 + 81, அதுவே 36 + 49. இப்படிப்பட்ட எண்களை உண்டாக்க 7-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் பயன்படுத்திய முற்றொருமை கைகொடுக்கும்: இரண்டு எண்கள் ஒவ்வொன்றும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்றால், அவற்றின் பெருக்கமும் அப்படியே, பெரும்பாலும் இரண்டு விதத்தில். 5 = 1 + 4, 13 = 4 + 9, பெருக்கினால் 65. நம் கணக்கின் 325 (பூஜ்யங்களை விட்டுவிட்டால்) 25-ஐயும் 13-ஐயும் பெருக்கி வந்ததுதான். இஷ்டத்துக்கு மூன்று எண்களைக் கொடுத்துவிடாதீர்கள். எதிரெதிர் மூலைகளுக்கு 50, 60 என்று கொடுத்து, இடைப்பட்ட மூலைக்கு 100 கொடுத்தால் 2500 + 3600 − 10000 என்று குறை எண் வரும். அப்படி ஒரு தோட்டம் உலகத்தில் எங்கேயும் இருக்க முடியாது.

அடுத்த கணக்காக, குழாயைத் தோட்டத்துக்கு வெளியே, வலது வேலிக்கு அப்பால் வைத்துக் கேளுங்கள். தோட்டத்தின் அகலம் அப்போது இ-யையும் வ-வையும் கூட்டினால் வராது, கழித்தால்தான் வரும். படம் முழுக்க மாறிப்போகும். நான்கு சமன்பாடுகளில் மட்டும் ஓர் எழுத்துகூட மாறாது, ஏனென்றால் அவற்றில் இருப்பவை எல்லாம் வர்க்கங்கள். இதை அவளே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.